அப்பத்தாவின் குரல்

மார்ச் 3, திங்கள்

அப்பாவுக்குப் பார்வை முழுக்க மங்கிவிட்டது. அப்பத்தா கதை சொல்லும் வீடியோக்களை இனி அவரால் பார்க்க முடியாது. குரலை மட்டுமாவது பிரித்தெடுத்து, பென் டிரைவ் செருகும் அவருடைய ரேடியோவில் போட்டுத் தர வேண்டும். பெரியப்பா மகன் இணையத்தில் ஏற்றிவைத்திருந்த இரண்டையும், இணைய டிரைவில் பகிர்ந்திருந்த ஒன்றையும் இறக்கினேன்.

முதல் கோப்பின் பெயரில் ‘வெப்எம்’ என்றிருந்ததை ‘எம்பி3’ என்று மாற்றிப் போட்டேன். ரேடியோ வாய் திறக்கவில்லை. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் எஃப்எஃப்புரோப் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே படம் விபி9 குறியீட்டில், ஒலி ஓபஸ் குறியீட்டில். உப்பு ஜாடியில் ‘சீனி’ என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்காது. வெப்எம், எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் ஜாடிகள்.

மார்ச் 4, செவ்வாய்

கோப்பு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளிடம் படத்தை விட்டுவிட்டு ஒலியை அப்படியே நகலெடு என்றேன். வெளிக்கோப்புக்கு எம்பி3 என்று பெயர் கொடுத்ததால் பிழை காட்டி நின்றது. எம்பி3 கோப்புக்குள் எம்பி3 ஒலி மட்டுமே போகும். பெயரை ‘ஓபஸ்’ என்று மாற்றியதும் 18 நிமிடக் கதை கண்மூடித் திறப்பதற்குள் தனியே வந்து விழுந்தது. குறியீட்டைப் பிரித்து மறுபடி கட்டும் வேலை இல்லை, அதனால்தான் அந்த வேகம். தரமும் துளி குறையாது.

ஆனால் ரேடியோவுக்கு எம்பி3 தான் தெரியும். எனவே மாற்றியே ஆக வேண்டும். ஒரு முறை சுருக்கிய ஒலியை இன்னொரு முறை சுருக்கினால் கொஞ்சம் இழப்போம். 320 கிலோபிட் என்று பெரிய எண்ணைப் போட்டாலும் முதல் சுருக்கத்தில் போனது திரும்பி வராது. ஆகவே ஓபஸ் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு எம்பி3 எடுத்தேன். தொடக்கத்தில் 12 விநாடி வெறும் இரைச்சலாக இருந்தது, வெட்டிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது கோப்பில் படம் பளிச்சென்று 1080. ஒலித்தடமே இல்லை. பயந்துபோனேன். பிறகுதான் விளங்கியது: பெரிய அளவுப் படத்தையும் ஒலியையும் இணையத்தில் தனித்தனியாகவே அனுப்புகிறார்கள், பார்க்கும்போதுதான் இரண்டும் சேர்கின்றன. நான் இறக்கியது படத்தை மட்டும். ஒலித்தடத்தைத் தனியே இறக்கினேன். அது ஏஏசி குறியீட்டில் இருந்தது. தம்பி மகளுக்காக இரண்டையும் மறுகுறியீடு செய்யாமல் ஒரே எம்பி4-இல் சேர்த்தும் வைத்தேன்.

மார்ச் 8, சனி

மூன்றாவதுதான் படுத்தியது. எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை. ‘மூவ் ஆட்டம்’ காணவில்லை என்ற ஒரே பதில். எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதுதான். செல்போனில் எடுத்த வீடியோவில் பெரும்பாலும் அது கோப்பின் கடைசியில் எழுதப்படும். இறக்கம் பாதியில் அறுந்தால் முதலில் தொலைவதும் அதுவே. அளவைப் பார்த்தேன்: டிரைவில் 1.4 ஜிபி, என்னிடம் 900 எம்பி.

பெரியப்பா மகனான அண்ணனுக்குப் போன் போட்டேன். “வாட்ஸப்ல வீடியோவா அனுப்பிராதண்ணே, அது சுருக்கிரும். டிரைவ்லயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வீட்டு இணைப்பில் இரவோடு இரவாக மறுபடி இறக்கினேன். அட்டவணை இருந்தது. அப்பத்தாவும் இருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றையும் எம்பி3 ஆக்கிப் பென் டிரைவில் போட்டு, ரேடியோவில் செருகித் திண்ணையில் வைத்தேன். அப்பா முதல் கதையை முழுக்கக் கேட்டார். முடிந்ததும் ரேடியோவைத் தடவியபடி கேட்டார்: “ஆத்தா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைச்சு, வெத்தலைப் பெட்டிய டக்குன்னு மூடுமேடா. அது எங்க?”

நான் இரைச்சல் என்று வெட்டிய 12 விநாடி. ஓபஸ் கோப்பு பத்திரமாக இருந்தது. வெட்டாமல் மறுபடி மாற்றிக் கொண்டுவந்து செருகினேன்.