புட்டிக்குள் வந்த சீன வைத்தியம்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து இரண்டு எட்டு வைத்தால் பர்மா பஜார். இன்று அங்கே செல்போனின் ராஜ்யந்தான். ஆனாலும் சென்ட் பாட்டில்களுக்கு நடுவே கோடாலித் தைலத்தையும், அறுகோணப் புட்டியில் புலித் தைலத்தையும் தேடிப் பிடித்துவிடலாம்.

சீன வைத்தியமென்றால் உடம்பெங்கும் ஊசி செருகுவது என்றுதானே நினைக்கிறோம்? நம் வீட்டு அலமாரிக்குள் அது ஓசைப்படாமல் நுழைந்தது இந்தப் புட்டிகளோடுதான்.

புலித் தைலத்தின் பூர்வீகம் ரங்கூன். ஓ சூ கின் என்ற சீன மூலிகை வைத்தியரின் மகன் பூன் ஹா அதைப் பிரபலமாக்கினார். அவர் பெயரிலேயே புலி இருக்கிறது! 1920-களில் கடை சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது. கோடாலித் தைலமோ 1928-ல் சிங்கப்பூரிலேயே பிறந்தது. செய்முறையைத் தந்தவர் ஒரு ஜெர்மானிய டாக்டர் என்கிறார்கள்; ஆக, அது முக்கால் சீனம்தான்! 'ரஜூலா' கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய காலத்தில், ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் இந்தப் புட்டிகள் இல்லாமல் இராது.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. ரங்கூனில் கடை கண்ணி என்று வாழ்ந்த தமிழர்கள் சொத்தை இழந்து கப்பலேறி இதே துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே கடை பரப்பினார்கள். புலியும் அவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்!

பஸ் பிடித்தேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டிக் காசிமேட்டில் இறங்கினேன். மீன்கூடை சுமக்கும் ஓர் அம்மாளின் இடுப்புப் பையிலும் அதே தைலம்!

"தலைவலின்னா நெத்திப் பொட்டுல ஒரு சொட்டு வெச்சு அழுத்தணும்மா" என்றாள்.

சீனர்கள் ஊசி செருகும் இடங்களில் அந்த நெற்றிப்பொட்டும் ஒன்று, 'தாய்யாங்' என்பார்கள். நம் பாட்டிமார் சுக்குப் பற்றுப் போட்டதும் அங்கேதானே!

"எல்லா வலிக்கும் இதுதானா?"

"ஐயோ! எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு நெஞ்சு வலின்னாரு. இதத்தான் தேச்சேன். வேர்த்துக் கொட்டிச்சு பாரு, புட்டியைக் கடாசிட்டு ஆட்டோல போட்டு ஸ்டான்லிக்குத் தூக்கினு ஓடினேன். ஒரு மணி நேரம் தாமசிச்சிருந்தா ஆள் இல்லேன்னாங்க."

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொல்வது இந்த ஸ்டான்லியைத்தான்.

தைலத்திலுள்ள மெந்தால் தோலைக் குளிரச் செய்து வலியை மறக்கடிக்கும். வலியின் காரணத்தைத் தொடாது. சுளுக்குக்கு அது போதும், மாரடைப்புக்குப் போதாது. இன்னொன்று: இதில் கற்பூரமும் உண்டு. குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி என்று மூக்கிலும் மார்பிலும் தடவுவதும் ஆபத்து.

"அதான் பேரன் கைக்கு எட்டாம இடுப்புலயே வெச்சுக்கினு கீறேன்" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கினாள். "சங்கரா புதுசா கீது, ஒரு கிலோ போடவா?"