முகத்துக்கு ஒரு கவ்வாத்து

நாற்பதைக் கடந்த கல்லூரி ஆசிரியை ஒருத்தி, குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் தன் முகப்பூச்சைப் பற்றி எழுதப் புகுவதா என்று வாசக அன்பர்களுட் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். சங்க இலக்கியம் கற்பிக்கிறவளுக்குக் கன்னம் இல்லையா, அல்லது அவள் வீட்டில் கண்ணாடிதான் இல்லையா? நான் பட்ட அவதியை மற்றொருவர் படாதிருக்க வேண்டுமென்பதே இதை எழுதுவதற்கு முதற் காரணம். இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. அது பின்னால் வரும்.

மங்கு முதலில் என் இடக் கன்னத்தில் வந்தது. கழுவாது வைத்த தேநீர்க் கோப்பையின் அடியிற் படியுமே, அந்த நிறம். சில மாதங்களில் வலக் கன்னத்துக்கும் நெற்றிக்கும் பரவிற்று. உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று, நோவும் இல்லை. ஆயினும், நான் பாடம் நடத்துகையில் முன்வரிசை மாணவிகளின் பார்வை என் வாயை விட்டுக் கன்னத்துக்கு நகர்வதைக் கண்டுகொண்டேன். புறநானூற்றின் நடுவே அந்தப் பார்வை என்னைத் தடுமாறச் செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உடன் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் பரிகாரம் சொன்னார். கைத்தொலைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினார். நான்காம் நாள் ஹட்டனில் என் வீட்டு வாசலுக்குச் சிறு போத்தல் ஒன்று வந்து சேர்ந்தது. பத்து வீதக் கிளைக்கோலிக் அமிலம். ‘அமிலம்’ என்ற சொல்லே எனக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் என் வெள்ளைச் சீருடையில் விழுந்த ஓட்டையை நினைவூட்டிற்று. ஆயினும் துணிந்தேன். போத்தலின் முகப்பில் ‘பொலிவு’ என்பது பெரிய எழுத்தில் இருந்தது. வாரத்துக்கு இருமுறை தொடங்குக, பகலில் வெயிற்காப்புக் களிம்பு பூசுக என்பவை முதுகுப்புறத்தில் எறும்பு எழுத்தில் இருந்தன. வினாத்தாளை முழுவதும் வாசியாமல் விடையெழுதும் மாணவரை ஆண்டுதோறும் கண்டிக்கின்ற நான், முகப்பை மட்டுமே வாசித்தேன்.

ஒவ்வோர் இரவும் பூசினேன். முதல் வாரம் முகம் மினுங்கிற்று. இரண்டாம் வாரம் சற்றே எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் மாணவியரை அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போனேன். தை மாதம். விடியலில் புற்றரை மீது உறைபனி. பகலில் துடைத்துவிட்டாற் போன்ற நீலவானம். காற்றுக் குளிர்ந்திருந்தமையால் வெயில் என்ற நினைப்பே எழவில்லை. விக்டோரியாப் பூங்காவிலும் கிரகரி வாவிக் கரையிலும் வெறும் முகத்தோடு நாள் முழுவதும் திரிந்தேன். மாலையில் பஸ்ஸில் ஏறும்போது முகம் பழுத்த மிளகாயாய் எரிந்தது. இரண்டு நாளில் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் மங்கு முன்னிலும் கறுத்து நின்றது.

கண்டியில் ஒரு சரும வைத்தியரிடம் போனேன். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். “அமிலத்தின் மீது பழி போடாதீர்கள், டீச்சர். அது நல்ல வேலைக்காரன். நீங்கள்தான் இரவு பகலாக வேலை வாங்கியிருக்கிறீர்கள்” என்றார்.

அவர் சொன்னதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் தோலின் மேற்பரப்பு உயிரற்ற நுண்ணிய செதில்களாலானது. அடியிலிருந்து புதியவை மேலெழ, மேலுள்ளவை நாம் அறியாமலே உதிர்கின்றன. இளமையில் இந்தச் சுழற்சிக்கு ஏறக்குறைய 28 நாள். வயது ஏற ஏறத் தாமதமாகும். உதிரவேண்டியவை உதிராது ஒட்டிக்கொண்டிருப்பதே முகம் சோபையிழந்து தோன்றுவதற்கு ஒரு காரணம். சொரசொரப்பான பொடிகளைத் தேய்த்து உரிப்பது ஒரு வழி. மென்மையான அமிலங்களோ அந்தச் செதில்களைப் பிணைத்திருக்கும் பசையைத் தளர்த்துகின்றன; அவை தாமே உதிர்கின்றன.

இவ்வமிலங்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. கரும்புச் சாற்றில் கிளைக்கோலிக் அமிலம் இருக்கிறது. புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780 இல் பிரித்தெடுத்தவர் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் ஷீலே. நம் தோலின் ஈரத்தைக் காக்கும் பொருள்களிலும் இதே லாக்டிக் அமிலம் உண்டு. பருவுக்கு ஏற்றதான சலிசிலிக் அமிலம் வில்லோ மரப்பட்டையிலிருந்து பெயர் பெற்றது. எண்ணெயில் கரைவதால் எண்ணெய் அடைத்த துவாரங்களுக்குள்ளும் புகவல்லது. மீன்செதில் போலத் தோல் தடிக்கும் ஒரு நோய்க்கு மருந்து தேடிய வான் ஸ்கொட், ருவீ யூ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் 1974 இல், பழ அமிலங்கள் அதற்குப் பலன் தருவதைப் பிரசுரித்தனர். நோயாளிக்கென்று பிறந்த மருந்து அழகுச் சாதனமானது அதன் பின்னர்தான். வீட்டில் பூசுவது பத்து வீதத்துக்கு மேற்படலாகாது, புளிப்பும் ஓர் அளவைக் கடக்கலாகாது, உடன் வெயிற்காப்பும் வேண்டும் என்று அமெரிக்க நிபுணர் குழுவொன்று 1990களில் வரையறுத்தது.

வெயிற்காப்பு என்பதில்தான் மலையகத்தார் ஏமாந்துபோகிறோம். உயரம் ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மேகமும் மூடுபனியும் அந்தக் கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உடல் குளிர்கிறதேயென்று நாம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, முகம் வெந்துகொண்டிருக்கும். அமிலம் பூசிய தோலோ, மேற்போர்வை மெலிந்த தோல். அது இன்னும் விரைவில் வேகும்.

எழுந்திருக்கும்போது வைத்தியர் கேட்டார்: “எலுமிச்சம்பழம் தேய்ப்பதுண்டா? இங்கே பலருக்கு அந்த வழக்கம் இருக்கிறது.” இல்லை என்றேன். “நல்லது. அது அளவில்லாத புளிப்பு. அன்றியும் அதன் தோலிலுள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் சருமத்தைச் சுட்டுக் கறையாக்கிவிடும். சாறு வழிந்த தடத்திலேயே கறை நிற்கும்” என்றார்.

வழிந்த தடம். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தச் சொல் என்னை விடவில்லை. இனி நான் சொல்வது இதுவரை எவரிடமும் சொல்லாதது.

என் தாயார் கொழுந்து பறித்தவர். நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தார். பகல் கொழுந்து நிறுத்த கையோடு, இடுப்புப் படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, பீலித் தண்ணீரில் கைகால் கழுவி, இருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு ஓடோடி வந்தார். விரல்களில் கொழுந்துக் கறை கறுத்திருந்தது. முகமும் வெயிலில் கறுத்திருந்தது. டவுன் தோழி ஒருத்தி “யார் அது?” என்று கேட்டாள். “எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டு அம்மா” என்றேன். தாயார் இரண்டடி தள்ளித்தான் நின்றார். காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன்பின் பல வாரம், இரவுதோறும் அடுப்படியில் உட்கார்ந்து எலுமிச்சங்காயை அரிந்து கையிலும் முகத்திலும் அழுத்தித் தேய்ப்பார். விடிந்ததும் மலைக்குப் போய்விடுவார். சில நாளில் கன்னத்தில், கண்ணீர் ஓடிய தடம் போல, கபில நிறக் கோடுகள் விழுந்தன. அவை மங்கி மறைய ஓர் ஆண்டுக்கு மேலாயிற்று. அம்மைத் தழும்போ என்று பக்கத்துக் காம்பராவில் பேசிக்கொண்டார்கள். நானும் காரணம் அறியாதவள்போல இருந்தேன். முப்பது ஆண்டு கழித்து ஒரு வைத்தியர் அறையில்தான் அந்தக் கோடுகளின் இரசாயனம் எனக்கு விளங்கிற்று. மற்றக் காரணம் எனக்கு அன்றைக்கே தெரியும்.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். உரிந்த முகத்தைக் கண்டதும் “என்னா புள்ள மூஞ்சி இது?” என்று தாயார் பதறினார். நடந்ததைச் சொன்னேன். எழுபதைத் தாண்டிய அவருக்குக் கிளைக்கோலிக் அமிலம் என்றால் என்னவென்று விளங்க நியாயமில்லை. ஆனால் எனக்கு விளங்காதது அவருக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது.

“கவ்வாத்து வெட்டுன செடிய வெயில்ல அப்பிடியே விடுவாங்களா? வெட்டுன மிலாற மேல போட்டு மூடி வைப்பாங்க. இல்லாட்டி பட்டை வெந்து போயிரும்” என்றார். சற்றுப் பொறுத்து, “கொழுந்தே ஒரு சுத்து எடுத்தா அடுத்த சுத்துக்கு ஏழு நாளு விடணும். நீ தெனமும் கிள்ளியிருக்க” என்று சிரித்தார்.

வைத்தியர் தாளில் எழுதித் தந்ததும் இதுவேதான். அவர் கட்டணம் வாங்கினார். இப்போது என் நித்திய நியமம் மிக எளியது. காலையில் இளஞ்சூட்டு நீரால் கழுவி, ஈரம் உலருமுன் ஒரு சாதாரண ஈரக்காப்புக் களிம்பு, அதன்மேல் எஸ்.பி.எப். முப்பதுக்குக் குறையாத வெயிற்காப்பு, முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம். வெளியில் நெடுநேரம் நின்றால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடியும். இரவில் கழுவி, ஈரக்காப்பு மட்டும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது, தோலோ இயல்பில் சற்றே புளிப்புடையது; ஆகையால் துணிச் சவர்க்காரத்தை முகத்துக்கு எடுக்கும் பழைய வழக்கத்தை விட்டொழித்தேன். முகம் முழுவதும் ஆறும் வரை, இரண்டு மாதம், அமிலத்தைத் தொடவில்லை. பிறகு கிளைக்கோலிக்கை விட்டு, அதனினும் மென்மையான லாக்டிக் அமிலம் ஐந்து வீதம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டு, புதன் இரவும் ஞாயிறு இரவும் மட்டும். எரிந்தால் அந்த வாரம் விடுமுறை. இதையெல்லாம் செய்து மூன்று மாதம் கழிந்த பின்னரே மங்கு சற்று வெளிறிற்று. போய்விடவில்லை. போகாமலும் இருக்கலாம் என்று வைத்தியர் முன்னரே சொல்லியிருந்தார். கருவுற்றிருப்போரும், வேறு தோல் மருந்து பூசுவோரும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

வெயிற்காப்புக் களிம்பு விலை அதிகம். நாட்சம்பளக் குடும்பத்தில் அதற்குப் பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குடையும், பெண்கள் மலையில் தலைக்கு இடும் துணியை நெற்றிவரை இழுத்துவிடுவதும் பாதி வேலையைச் செய்யும். தாயாரின் நெற்றியில் இன்றைக்கும் சுருக்கம் குறைவு. அந்தத் துணி காத்த நெற்றி அது.

அண்மையில் ஒரு மாணவி, தகரத்தில் அடைத்த பூச்சு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். செய்தவர் பெயரில்லை, சேர்மானம் இல்லை. ‘ஏழு நாளில் வெண்மை’ என்று மட்டும் இருந்தது. இத்தகைய பூச்சுகளில் பாதரசம் கலப்பதுண்டு. அது தோலுக்கு நிறமூட்டும் பொருள் உண்டாவதைத் தடுக்கும். உடலினுட் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013 இல் உலக நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கை இதற்குத் தடை வகுத்தது. 2017 இல் இலங்கையும் அதை ஏற்றது. 2025க்குப்பின் எவ்வளவு சொற்பமாயினும் பாதரசம் சேர்க்கலாகாது என்று 2023 இல் தடையை இறுக்கினார்கள். தடை இருந்தும் தகரம் வருகிறது. வேறு சிலவற்றில் தோலை மெலியச் செய்யும் ஸ்டீராய்டு மருந்து இருக்கும். இவ்வளவையும் சொன்னேன்.

“அப்ப டீச்சர், உங்க போத்தல் வெள்ளையாக்குமா?” என்று கேட்டாள்.

“இல்லை. நீ பிறந்த நிறம் எதுவோ, அதைத் தெளிவாகக் காட்டும். அவ்வளவுதான்.”

அவளுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. தகரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். எறிந்தாளோ, பூசினாளோ, அறியேன்.

இப்போது ஞாயிறுதோறும் தோட்டத்துக்குப் போகும்போது, லாக்டிக் அமிலம் சேர்ந்த களிம்பொன்றைக் கொண்டுபோய்த் தாயாரின் வெடித்த குதிகால்களுக்குப் பூசுகிறேன். தடித்த தோலை இளக்க அது நல்லது. ஆழ்ந்த வெடிப்பில் மட்டும் எரியுமென்பதால் அதைத் தவிர்த்துவிடுகிறேன். அவர் கூசிக் காலை இழுத்துக்கொள்வார். கன்னத்தைத் தொட எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

வரும் மாதம் எங்கள் கல்லூரியில் பரிசளிப்பு விழா. தாயாரை அழைத்திருக்கிறேன்.

“மைதானத்துலதான வப்பீங்க? வெயிலா இருக்குமே” என்றார்.

குடையை நான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.