மூவாயிரத்துக்கு அப்பால்

விளையாட்டு வீரரின் வாழ்வை எண்களால் அளப்பது உலக வழக்கு. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலோ அவ்வழக்கு மிகுதி. மட்டையால் பந்தை அடித்துவிட்டு, எதிரணியினர் ஆட்டமிழக்கச் செய்யுமுன் தளத்தைச் சென்றடைவதை அங்கே 'ஹிட்' என்பர். வாழ்நாளில் மூவாயிரம் ஹிட் எடுத்தோர் மிகச் சிலர். அவருள் ஒருவரான ராபர்ட்டோ கிளமெண்ட்டேயை, அந்த எண்ணுக்கு அப்பாலும் வைத்துப் போற்றுகிறேன்.

1934ஆம் ஆண்டு போர்ட்டோரிக்கோ தீவின் கரோலினாவில் பிறந்தவர் அவர். தந்தையார் கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். 1955இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்து, பதினெட்டு ஆண்டுகள் அவ்வணிக்கே ஆடினார். மட்டையடிச் சராசரியில் நான்கு முறை தம் லீக்கில் முதலிடம் பெற்றார். களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதினைப் பன்னிரு முறை வென்றார்.

ஆயினும், பயிற்சிக்காகப் புளோரிடா சென்ற நாள்களில் வெள்ளையர் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. ஏடுகளும் வீரர்களின் பட அட்டைகளும் அவரைப் 'பாப்' எனக் குறுக்கின. தம் பெயர் ராபர்ட்டோ என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயரை முழுமையாக வாசிப்பது என் வழக்கம். பெற்றோர் ஆய்ந்து இட்ட பெயரை நம் வசதிக்காகச் சிதைக்க நமக்கு உரிமை ஏது? ஆதலின் கிளமெண்ட்டேயின் உறுதி எனக்கு நன்கு விளங்குகிறது.

1971இல் உலகத் தொடரை வென்று, அதன் சிறந்த வீரராகத் தேர்வுபெற்ற வேளையில், தொலைக்காட்சியின்முன் அவர் முதலில் தம் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் பேசிப் பெற்றோரின் ஆசியை வேண்டினார். நாடே நோக்கிய அரங்கில் தாய்மொழி தலைநிமிர்ந்த கணம் அது!

1972 செப்டம்பர் 30 அன்று மூவாயிரமாவது ஹிட் கிட்டியது. டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தால் சிதைந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்னர்தான் ஓர் அணியின் மேலாளராக அந்நாட்டில் தங்கித் திரும்பியிருந்தார் கிளமெண்ட்டே. நிவாரணப் பொருள்களை அவர் திரட்டி அனுப்பினார். அவை உரியோரைச் சேரவில்லை என்னும் செய்தி வந்தது. தாமே உடன்சென்றால் ஏழையர் கைக்கு எட்டும் எனக் கருதி, டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். அளவுக்கு மீறிய சுமையுடன் எழும்பிய அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. ஐவரும் மாண்டனர். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. வயது முப்பத்தெட்டு.

புகழ் மன்றத்தில் இடம்பெற ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்னும் விதியை விலக்கி, 1973இலேயே அவரைச் சேர்த்தனர். சமூகத் தொண்டில் சிறக்கும் வீரருக்கு அவர் பெயரால் விருதும் வழங்குகின்றனர்.

பொருளை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று அவர் அமைந்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். உரியவர் கையில் சேரும்வரை தம் பொறுப்பு தீரவில்லை என்று எண்ணினார். மதிப்பெண்ணும் பட்டமும் பெற்று வெளியேறும் மாணவச் செல்வங்களே, அதன்பின் வரும் வாழ்வுக்கு இப்பொறுப்புணர்வை வழித்துணையாகக் கொள்ளுங்கள்.