கூட்டி எழுதப்பட்ட வயது

எங்களூரில் சவூதிக் காசில் எழும்பிய வீடுகள் பல. கூரை ஏறாமல் நின்றுபோனவையும் உண்டு. அங்கிருந்து வரும் கடிதங்களை வாசித்துக் காட்டி, மறுகடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை நெடுங்காலம் என்னிடம் இருந்தது.

ஒருமுறை ஓர் உம்மா மகளின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பேசிய சம்பளத்தை விடக் குறைவு. ஓய்வுநாள் பற்றி ஒரு வரி இல்லை.

"இதை வாசிச்சா கையெழுத்து வெச்ச?"

"ஏஜென்சிக்காரர் காட்டின இடத்தில வெச்சாள் மகன். அவளுக்கு இங்கிலீசு தெரியுமா?"

வயதும் இப்படித்தான் பிறர் கையால் எழுதப்பட்டது. மூதூர் றிசானா நபீக்கை நாம் மறந்திருக்க முடியாது. பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் 1982. 2005 மே மாதம் வீட்டுவேலைக்குப் போனபோது வயது 17. சில வாரங்களுக்குள் அவளது பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றது வழக்கு. 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அவள் சிறுமி என்று வாதாடியபோது குறுக்கே நின்றது அந்தக் கடவுச்சீட்டு.

அந்நாட்களில் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசினோம். ஆறு வருடத்தைக் கூட்டி எழுதிய பேனை நமது நாட்டில் இருந்தது என்பதைக் குறைவாகவே பேசினோம்.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கிய சட்டம் 1985இல் வந்தது. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996இல் இணைந்தது. றிசானாவின் மரணத்தின் பின் சவூதி செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அது 21 ஆக இறங்கியது. டொலர் தேவைப்படும்போது எல்லை இறங்கும். பொய்யான பிறந்த திகதிக்கோ எந்த எல்லையும் தடையில்லை.

ஆகவே காவல் ஊரிலேயே தொடங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க, வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும். ஒப்பந்தத்தை அவளது மொழியில் அவளுக்கே வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை வீட்டில் வைக்க வேண்டும். அங்கு போனபின் கடவுச்சீட்டு பெரும்பாலும் எசமானின் பெட்டிக்குள் போய்விடும். சம்பளம் நின்றாலும் அடி விழுந்தாலும், உம்மாவும் வாப்பாவும் பணியகத்தின் படியேறும்போது கையில் பிடித்துப் போக அந்தப் பிரதிதான் இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் இதைத் தம் வேலையாக ஏற்றால் செலவு அதிகமில்லை: ஒரு மேசை, ஒரு மனிதர், வாரத்தில் ஒரு பின்னேரம்.