சண்டைக்காரனுக்குத் துணை தேடுபவர்கள்

“ஆஸ்கரோட இதைப் போட்டா காலையில ஒண்ணுகூட மிஞ்சாது தம்பி. வேணாம்.”

பள்ளிச் சீருடையில் நின்ற பையன் கேட்டது பத்து நியான் டெட்ரா. கடைக்காரர் வலையைக் கையில் எடுக்கவே இல்லை. “அண்ணா, எங்கூட்டு ஆஸ்கர் சின்னதுதான்” என்று பையன் இழுத்தான். “இப்ப சின்னது. அடுத்த வருஷம் வந்து அளந்து பாரு, முக்கால் அடி இருக்கும்.” வாய்க்குள் நுழையும் அளவுள்ள எதுவும் ஆஸ்கருக்குத் தீனிதான். வீட்டுக்கு வந்த அன்றைக்கு நுழையாதது ஆறு மாதத்தில் நுழைந்துவிடும்.

காஞ்சிபுரம் ஓரிக்கை பஸ் டிப்போவிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது இந்தச் சின்னக் கடை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிறது. கடைக்காரரின் அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்குக் கோர்வைச் சேலை நெய்பவர். மகன் தறிக்குழியில் இறங்கவில்லை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸிலும் ஏறவில்லை. மீன் பக்கம் வந்துவிட்டார். தறிச் சுவரை ஒட்டி ஒரு தொட்டிகூட அவர் வைக்கவில்லை. அச்சு அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வு கண்ணாடியில் இறங்குமாம். மிரண்ட சிக்லிட் பக்கத்தில் இருப்பதைக் கடிக்குமாம். மீன் வளர்ப்புப் புத்தகம் எதிலும் இந்தப் பாடம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஆஸ்கரின் குடும்பமான சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒன்றை நாம் எல்லோரும் குழம்பில் பார்த்திருக்கிறோம். ஜிலேபி என்று ஏரிக்கரையில் விற்கிறார்களே, அதுதான். ஆப்பிரிக்க மீனான இது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியாவுக்கே உரிய சிக்லிட்டுகள் மூன்று இனங்கள்தான். மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடுவது ஒன்று. பழவேற்காடு ஏரியிலும் அது உண்டு. இன்னொன்று கையளவுகூட வளராத மஞ்சள் நிறச் செல்லக்காசு. இலங்கையின் உப்பங்கழிகளில் இந்த இரண்டையும் 1970-களில் ஆராய்ந்த வார்டு, வைமன் இருவரும் விநோதமான ஓர் உறவைக் கண்டார்கள். இளம் செல்லக்காசு மீன்கள் கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. கரிமீனும் அசையாமல் நின்று உடம்பைக் காட்டுகிறது. அதே செல்லக்காசு, வாய்ப்புக் கிடைத்தால் அதே கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது. ஆகவே ‘எதோடு எது சேரும்’ என்று கேட்டால் பட்டியல் ஒப்பித்துப் பயனில்லை. எப்போது சேரும், எவ்வளவு இடத்தில் சேரும் என்பதே கேள்வி.

ஓரிக்கைக் கடைக்காரரின் திறமை இங்கேதான் தெரிகிறது. மீன் கேட்டு வருபவரிடம் அவர் முதலில் கேட்பது தொட்டியின் நீளத்தை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டுமே கால் டன். “இது ஒரு ஆஸ்கருக்குச் சரி. ரெண்டாவது வேணும்னா ஆறடித் தொட்டி வாங்குங்க.” துணை வேண்டும் என்று அடம் பிடிப்பவருக்குச் சில்வர் டாலர் மீனைக் கூட்டமாகத் தருகிறார். தட்டையான, உயரமான உடம்பு. ஆஸ்கர் வாய்க்குள் போகாது. உருவமும் நீச்சலும் வேறு என்பதால் ஆஸ்கர் அதைப் போட்டியாக நினைப்பதும் குறைவு. தன்னைப் போன்ற உருவமும் நிறமும் உள்ள மீனைத்தான் சிக்லிட் முதலில் துரத்தும்.

கன்விக்ட் சிக்லிட் இன்னொரு கதை. நாலு அங்குல மீன். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு சாதுவாகத்தான் தெரியும். ஜோடி சேர்ந்து முட்டை வைத்துவிட்டால் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனையும் மூலைக்குத் தள்ளிவிடும். கடையில் இரண்டு ஜோடிகள் ஒரே தொட்டியில், நடுவே கண்ணாடித் தடுப்போடு இருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்து முறைக்கலாம், தொட முடியாது. தடுப்பை அவர் நாள்தோறும் பாசி இல்லாமல் துடைக்கிறார். ஏன் என்று கேட்டால், “எதிரி தெரியணும் சார். இல்லன்னா பொண்டாட்டிய அடிப்பான்” என்கிறார். மீன்களுக்கு இடையிலான இந்த உண்மையை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் 1963-ல் எழுதிய புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் பாசி படிந்து எதிரி மங்கலாகத் தெரியத் தெரிய, ஆண் மீனின் கோபம் தன் ஜோடி மீதே திரும்பியதாம். ஓரிக்கைக்காரர் லோரன்ஸைப் படித்தவரல்லர். செத்த பெண் மீன்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

இதற்கு நேர்மாறான வித்தை மலாவி ஏரி மீன்களுக்கு. நீலமும் மஞ்சளுமாக மின்னும் அந்த ஆப்பிரிக்கச் சிக்லிட்டுகளை நாலைந்தாக வளர்த்தால் ஒன்று மற்றவற்றைக் கொன்று தீர்க்கும். நெருக்கமாகவே விட வேண்டும். அடி பலர் மேல் பரவினால் யாரும் சாக மாட்டார்கள். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண். ஒளிய நிறையக் கல். அந்தக் கூட்டத்தின் கழிவைத் தாங்குகிற பெரிய பில்டர். பாறைப் பாசி மேய்கிற வகைகள் என்பதால் புழுத் தீனி கொடுத்தால் வயிறு வீங்கிச் செத்துப்போகலாம். ஊர்த் தண்ணீர் ஒரு வசதி. போர்த் தண்ணீர் கடினமானது. மலாவி மீன் கேட்பதும் கடினத் தண்ணீரைத்தான்.

பிளவர்ஹார்ன்? தனியாகத்தான். மலேசியாவில் 1990-களில் பல சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய மீன் அது. வாஸ்து மீன் என்று வாங்கிப்போகிறவர்கள், ‘பாவம், தனியா இருக்கே’ என்று ஒரு வாரத்தில் திரும்பி வருகிறார்கள். அந்த இரக்கம் இன்னொரு மீனின் உயிரைத்தான் வாங்கும்.

மீன் வருவது சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி, சென்னை கொளத்தூரிலிருந்து. வண்ண மீன் வியாபாரத்துக்கு நாடறிந்த இடம். சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களின் சிமென்ட் தொட்டிகளிலும் மண் குட்டைகளிலும் வளர்ந்து கொளத்தூருக்கு வந்து சேர்கிறது. அங்கே மீன் பொறுக்கும் ஒரு பெண்மணி வேலை செய்வதை நின்று பார்த்தால் நேரம் போவது தெரியாது. இடது கையில் வலை, கண் தொட்டியின் மேல் மூலையில். அடி வாங்கிய மீன் அங்கேதான் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நிறம் வெளுத்து நிற்கும். அதை முதலில் தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றுகிறார். சிக்லிட்டுகளைப் பெரிதானபின் ஒரு கவருக்கு ஒன்றாகத்தான் கட்டுகிறார்கள். மேலே ஆக்சிஜன், கழுத்தில் ரப்பர் பேண்ட். கவரின் மூலைகளையும் ரப்பர் போட்டு மடக்குகிறார், சிறிய மீன் இடுக்கில் சிக்கி நசுங்காமலிருக்க. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய அவர் விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன. கூலியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு அடுத்த கவரை எடுத்தார்.

புது மீனை விடும்போது கல்லையெல்லாம் இடம் மாற்றிவிடச் சொல்கிறார் ஓரிக்கைக் கடைக்காரர். பழைய மீனின் எல்லைக்கோடு அழிந்து, எல்லாமே புதிதாகக் குடிவந்த மாதிரி ஆகிவிடும். முரட்டு மீனைக் கடைசியாக விட வேண்டும். அன்றிரவு விளக்கைப் போடக் கூடாது. இவ்வளவும் செய்து சேராவிட்டால் மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார், அரை விலைக்கு.

அதற்கும் வராமல் சிலர் சண்டைக்கார மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் இப்படித்தான் தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. உங்கள் வீட்டு மீன் மற்றதோடு சேரவில்லை என்றால் வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், குளத்தில் விடாதீர்கள்.