ஒரு மண்டலப் பொறுமை

தைராய்டு சுரப்பு குறைந்தோருக்குத் தைராக்ஸின் மாத்திரையின் அளவை மாற்றினால் உடல் உடனே இசைவதில்லை. எனக்கு 25 மைக்ரோகிராமை 50 ஆக உயர்த்தி மூன்று வாரங்கள் கடந்தும் சோர்வு நீங்கவில்லை. நாள்தோறும் ஓதிய ஸஹஸ்ரநாமத்திலேயே நாமங்கள் நழுவின. அதுவே பெருந்துயரமாயிற்று.

மருத்துவர் விளக்கினார்: உட்கொண்ட மருந்தில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். எனவே புதிய அளவு நிலைபெற 6 வாரங்களேனும் வேண்டும். 6 முதல் 8 வாரங்களுக்குப் பின் செய்யும் டி.எஸ்.எச். பரிசோதனையே உண்மையைக் காட்டும். 48 நாள் கொண்ட ஒரு மண்டலம் அல்லவா அது! விரதமென ஏற்றேன்.

விழித்ததும் வெறும் வயிற்றில் நீருடன் மாத்திரை. நீராடி, விளக்கேற்றி, பூஜை முடிய ஒரு மணி நேரமாகிவிடும். அதன் பின்னரே காபியும் பிரசாதமும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. ஆலயத்தில் கால்களால் ஒரு வலம். மற்ற இரண்டும் மண்டபத்தில் அமர்ந்து மனத்தால். நாமங்களைப் புத்தகம் பார்த்தே ஓதினேன்.

முதியோரின் இதயத்தைக் கருதியே அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள். நாமாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் தகாது. படபடப்போ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் மட்டும் மண்டலம் முடியக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

பரிசோதனைக்குப் பின் மருத்துவர் அளவை மீண்டும் சற்றே உயர்த்தினார். இரண்டாம் மண்டலம் தொடங்கியுள்ளது. இம்முறை ஐயமில்லை, நாட்களை எண்ணும் பொறுப்பு எனது, பலனளிக்கும் பொறுப்பு அம்பிகையுடையது.