மூலைக்கு மூலை

பி.காம். படித்தவனுக்கு எண்கள் மீது ஒரு திமிர் உண்டு. எனக்கும் இருந்தது, மனை வாங்கப் போகும்வரை.

‘நாப்பதுக்கு அறுபது சார். கரெக்டா ஒரு கிரவுண்டு’ என்றார் புரோக்கர். நானே டேப் பிடித்து அளந்தேன். 40, 60, 40, 60. பெருக்கினால் 2,400 சதுர அடி. சதுர அடி ஆயிரம் ரூபாய். வீட்டுக்காரியின் வளையல்கள் அடகுக்குத் தயார்.

கூட வந்த மேஸ்திரி, ‘மூலைக்கு மூலை புடிங்க சார்’ என்றார். ஒரு மூலைவிட்டம் 80 அடி. இன்னொன்று 63 சொச்சம். ‘சாய்ஞ்ச மனை சார் இது!’

நீங்களும் பள்ளியில் படித்ததுதான். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் அது இணைகரம். மூலைவிட்டங்களும் சமமானால்தான் செவ்வகம். இணைகரத்தின் பரப்புக்கு அடிப்பக்கத்தைச் செங்குத்து உயரத்தால் பெருக்க வேண்டும், சாய்ந்த பக்கத்தால் அல்ல. காலித் தீப்பெட்டியின் மேலுறையை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பக்கங்கள் அப்படியே இருக்கும். உள்ளே இடம் குறையும்.

வீட்டுக்கு வந்து மனையை 40, 60, 80 என இரண்டு முக்கோணங்களாக்கி, ஹெரான் சூத்திரத்தில் போட்டேன். 2,324 சதுர அடிதான்! ஒரு சமையலறை அளவு இடம், 76 சதுர அடி, மனையில் இல்லவே இல்லை. அதற்கு 76 ஆயிரம் ரூபாய் தர இருந்தேன்.

இருக்கிற இடத்துக்கு மட்டும் விலை பேசி முடித்தோம். மேஸ்திரி எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

நாலு பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், மூலைக்கு மூலையும் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போகாமல் தப்பியது அதனால்தான்.